ஓடாத காரில் பெண் அழைப்பு

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம், வாழையிலைக் கட்டோடு மணவாள நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்த திருமலையின் கார், திருவள்ளூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், பிள்ளையார் கோயில் வாசலில், கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. திருமலை சாவியைத் திருப்பிப் பார்த்தான். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தான். உள்ளே எதுவும் எதோடும் ஒட்டாமல் சும்மா சுழன்றது. பிள்ளையாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், அவர் அசையவில்லை.

ஸ்டேஷன் பக்கம் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் சாலமோன் வந்து, முன்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு செயினை வெளியே இழுத்தான். செத்த பாம்பைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"ஆறு மாசமா கத்திக்கினு இருக்கேன். டைமிங் செயின் தொங்கிப் போச்சி, சத்தம் கேக்குது, மாத்துன்னு. கேட்டியா நீ?"

திருமலைக்குக் காது இருந்தது. கேட்டது. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் முன்னால் சலசலவென்று ஒரு சத்தம் வரும். ஏறுகிற சவாரிகள்கூட என்னப்பா சத்தம் என்று கேட்பார்கள். பழைய வண்டி, கொஞ்சம் பேசிக்கொண்டே வரும் என்று சமாளிப்பான். எஞ்சினில் மேலே வால்வு எப்போது திறக்க வேண்டும், கீழே பிஸ்டன் எப்போது ஏற வேண்டும் என்று தாளம் போட்டுக் கொடுப்பது அந்தச் செயின்தான். அது அறுந்துவிட்டால் மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே, சம்பந்தமே கிடையாது. பழங்காலத்து எஞ்சின் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை, வால்வு வளையவில்லை, அந்த மட்டில் பிழைத்தாய் என்றான் சாலமோன்.

செயினும் அதன் இரண்டு பல் சக்கரமும் சேர்த்து முன்னூற்று நாற்பது ரூபாய். அந்த மாடலுக்குச் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், மதராஸில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது, அந்தக் கடைக்காரனும் அதைத் தெரிந்து வைத்திருந்தான். வண்டியையே டாக்டர் ஒருவரிடம் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கியவன் திருமலை. ஆனாலும் வயிற்றைக் கட்டி முன்னூற்றைம்பது சேர்த்து வைத்தான். சேர்த்து முடித்த வாரத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பணம் பத்தருடைய பட்டறைக்குப் போய் இரண்டு சவரன் தாலியாகத் திரும்பி வந்தது. செயின் கல்யாணம் வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டான். கல்யாணம் வரைக்கும் தாங்கத்தான் செய்தது, ஒரே ஒரு நாள் குறைச்சல்.

ஒரு நாள்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ரங்கசாமியைத் தெரியாது.

ரங்கசாமி கடம்பத்தூரில் ஆறு ஏக்கர் நஞ்சையும் ஒரு பம்பு செட்டும் வைத்திருந்த விவசாயி, பெண்ணுக்குத் தகப்பன். அவருடைய மூத்த பெண்ணைக் கட்டியவன் சைக்கிள் கடை முதலாளி என்று சொல்லிக்கொண்டு வந்தான். கல்யாணம் ஆன பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஞ்சர் ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை, ரங்கசாமியும் அப்படிச் சொன்னதில்லை. பொய்தான் அவருக்கு ஆகவில்லை. அதனால் இளையவள் ரத்னாவுக்கு, சொந்தமாக டாக்சி ஓட்டுகிற மாப்பிள்ளை என்று திருமலையின் ஜாதகம் வந்ததும், அவர் ஜாதகத்தைப் பிரிக்கும் முன் நேராக டாக்சி ஸ்டாண்டுக்கு வந்தார். ஆர்.சி. புத்தகத்தில் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஏறி உட்கார்ந்து கடம்பத்தூர் வரைக்கும் போய்த் திரும்பினார். தட்டு மாற்றுகிற அன்று, சபை நடுவே எழுந்து நின்று ஒன்று சொன்னார்.

"பெண் அழைப்புக்கு எம் பொண்ணு இந்தக் கார்லதான் வருவா. காரு ஓடணும். ஓடலன்னு தெரிஞ்சா, நீ சொன்னது பூரா பொய்யின்னு எடுத்துக்குவேன். மணையில உக்காந்திருந்தாலும் எழுப்பிக்கினு போயிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

திருமலைக்கு ரத்னாவை ரொம்பப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போனபோது, காபியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற காரைப் பார்த்து, "இது எத்தினி மைலு குடுக்கும்?" என்று அவள்தான் கேட்டாள். அவன் பதினெட்டு என்றான். "பொய்யி," என்றாள். உண்மையில் பதினாலுதான். அன்றைக்குப் போன தூக்கம் அவனுக்கு இன்னும் திரும்பவில்லை.

ஆவணி முகூர்த்தம். திருவள்ளூரில் இருந்த ஏழு டாக்சிக்கும் அன்று ஏதாவதொரு கல்யாணம். இருந்தாலும்தான் என்ன? ரங்கசாமிக்கு அந்தக் காரின் நம்பர் மனப்பாடம்.

"இதுக்கு ஏண்டா மூஞ்ச தொங்கப் போடற?" என்றான் வரதன். அவனும் டாக்சிக்காரன்தான், தன் வண்டியைக் கல்யாணச் சவாரிக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான், திருமலைக்கு உயிர்த் தோழன், யோசனை சொல்வதில் சலித்தவனே அல்ல. "பெண் அழைப்புல காரு இன்னா ஸ்பீடுல போவும்? மேளக்காரன் நடக்கற ஸ்பீடுல. தவிலு சத்தத்துல எஞ்சினு இருக்குதா இல்லையான்னு எவனுக்குக் கேக்கும்? நம்ம ஸ்டாண்டுல வண்டி தொடைக்கற பசங்க எட்டு பேர் பின்னால கைய வெச்சிக்கினு நடந்து வருவானுங்க. ஆசையா தொட்டுக்கினு வர மாதிரி. கேட்ட தாண்டினா நேரா உங்க தெரு. வாசல்ல நிறுத்தினா முடிஞ்சிது."

"பிரேக்கு?"

வரதன் குனிந்து பெடலைப் பார்த்தான். அந்தக் காரின் பிரேக்கை மூன்று தடவை அடித்து மிதித்தால்தான் பிடிக்கும். அந்த மிதி திருமலையின் காலுக்கு மட்டும்தான் தெரியும். சாலமோனே ஒரு முறை அதை ஓட்டிப் பார்த்து டீக்கடைப் பெஞ்சு ஒன்றை உடைத்திருக்கிறான்.

"அப்ப நீயே ஓட்டு," என்றான் வரதன்.

மூன்று மணிக்கு வீட்டில் திருமலைக்கு நலங்கு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று அம்மா தாயாரம்மாளிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனவன், பின்பக்கச் சுவரேறிக் குதித்தான். வரதனுடைய காக்கிச் சட்டையைப் போட்டு, காக்கித் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து, மூக்குக்குக் கீழே துண்டைச் சுற்றிக்கொண்டான். டிரைவருக்குப் பல்வலி என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

பெண் வீட்டார் நாலு மணி ரயிலில் வந்து பிள்ளையார் கோயிலில் தங்கியிருந்தார்கள். ஆறு மணிக்குள் பெண் வாசல் ஏற வேண்டும், அதற்கு மேல் நேரம் நன்றாயில்லை என்று ஐயர் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு ரத்னா சாமந்தி மாலையோடு பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் அவள் அத்தை பச்சையம்மா. அந்த அம்மாள் ரங்கசாமியின் அக்கா, சாத்திரம் பார்ப்பதில் ஐயரையே திருத்துகிறவள்.

"ஏறிட்டியா? இனிமே மாப்ள ஊட்டு வாசப்படி வரைக்கும் கீழ கால் வைக்கக் கூடாது. அழைச்ச பொண்ணு வழியில எறங்கினா அந்தக் கால் திரும்பிடும்," என்றாள்.

ரங்கசாமி முன்னால் மேளக்காரர்களோடு போய் நின்றார். போகிற போக்கில் கார் மூடியில் தட்டினார். "கெளப்பு."

தவில் முழங்கியது. எட்டுப் பேர் பின்னால் கைவைத்தார்கள். கார் நகர்ந்தது. திருமலை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே மெதுவாக உறுமினான். எதற்கும் இருக்கட்டுமென்று.

முப்பது கஜம் போனதும் ரங்கசாமி திரும்பி வந்து, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். திருமலை சட்டென்று உறுமலை நிறுத்தினான். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் பரவிற்று.

"அன்னிக்கி சலசலன்னு சத்தம் போட்டுது. இப்ப பாரு, சத்தமே இல்ல. ரிப்பேர் பண்ணி வெச்சிருக்காரு மாப்ள. பாத்தியா அக்கா, பொறுப்பு," என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார்.

பின் சீட்டிலிருந்து ரத்னா பேசினாள்.

"இன்னா டிரைவரே, எஞ்சினு எப்ப போடுவீங்க?"

திருமலை துண்டுக்குள்ளிருந்து ஏதோ முனகினான்.

"பல்லு வலியா? பாவம். டிரைவருக்குக் காப்பெல்லாம் கட்டி வுட்டிருக்காங்க. கழுத்துல நலங்கு மஞ்ச வேற. உங்க மொதலாளிக்கும் நாளைக்கித்தான் கல்யாணம். ரெண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தமா?"

பச்சையம்மா எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டைக்குக் கீழே ஜரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி மின்னியது. அவள் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"ஐயோ, காப்பு கட்டினு எல்ல தாண்டி வந்துட்டானே பாவி."

"அத்தை, கத்தாத. நைனா திரும்பிடுவாரு," என்றாள் ரத்னா. பிறகு முன்பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பின்னால மூச்சு வாங்கறானுங்களே, அவனுங்க யாரு?" என்று கேட்டாள்.

"எஞ்சினு," என்றான் திருமலை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பெண் அழுகிறாள், தாய் வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துத் தெருவோரத்துப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்த திருமலைக்குத் தலை சுற்றியது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று அந்த நிமிஷத்தில் நம்பினான். அப்படி நம்பினால் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்.

ரயில்வே கேட்டுக்கு ரோடு மேடேறும், தண்டவாளத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கம் நீளமாக இறங்கும். இறக்கத்தின் நடுவில் திருமலையின் வீடு, பந்தல், வாழைமரம். இறக்கத்தின் முடிவில் ரைஸ் மில். மேளக்காரர்களும் ரங்கசாமியும் கேட்டைத் தாண்டி இறங்கிவிட்டார்கள். எட்டுப் பேரும் நாக்குத் தள்ளக் காரை மேட்டில் ஏற்றினார்கள். கேட்டுக்காரர் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கூட்ஸ் வருது, சீக்கிரம் தாண்டு, கேட்டு போடணும்."

வரதன், "ஏலேலோ" என்றான். எட்டுப் பேரும் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி ஒரு தள்ளுத் தள்ளினார்கள். கார் தண்டவாளத்தில் தடக்தடக்கென்று ஏறி இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டது. தள்ளியவர்கள் தண்டவாளத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். கேட்டுக்காரர் அவர்களையும், பின்னால் வந்த மொத்த ஊர்வலத்தையும் பழைய பக்கத்துக்கே விரட்டிவிட்டு, இரண்டு கேட்டையும் இழுத்துச் சாத்தினார். கூட்ஸ் வந்தது. வந்து, சிக்னல் கிடைக்காமல், வரிசையாக நாற்பது பெட்டியோடு நடுவிலேயே நின்றும் போனது.

இந்தப் பக்கம் கார் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நிதானமாகத்தான் போனது. திருமலை ஒன்று மிதித்தான், இரண்டு மிதித்தான். மூன்றாவது மிதிக்குப் பட்டு வேட்டி பெடலில் சிக்கிக்கொண்டது. வேட்டியை விடுவிப்பதா, ஸ்டீரிங்கைத் திருப்புவதா என்று அவன் யோசிப்பதற்குள் மேளக்காரர்களின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரனை அமுக்கினான். அது மட்டும் அந்தக் காரில் எப்போதும் ஜோராக வேலை செய்யும். நாதஸ்வரம் ஒரு பக்கம் பாய, தவில் ஒரு பக்கம் உருள, கார் நடுவில் புகுந்து போனது.

ரங்கசாமி ஒரு கணம் திகைத்தார். தன் பெண்ணோடு கார் தன்னைத் தாண்டிப் போவதையும், ஓட்டுகிறவன் முகத்தில் துண்டு கட்டியிருப்பதையும் ஒரே நேரத்தில் கவனித்தார்.

"டேய், பொண்ண தூக்கினு ஓட்றாண்டா," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். தவில்காரரும், நாதஸ்வரக்காரரும், தாளம் போடுகிறவரும் அவர் பின்னால் ஓடினார்கள்.

பந்தல் வாசலில் தாயாரம்மாள் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றாள். மலர்மாலை போட்ட கார் வந்தது. அவள் தட்டைத் தூக்கினாள். கார் நிற்காமல் போயிற்று. உள்ளே கும்பிட்டபடி மருமகள், வாயைப் பிளந்தபடி சம்பந்தி அம்மாள். ஓட்டியவனின் தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதை அவள் முப்பது வருஷமாகத் திருகி வளர்த்திருக்கிறாள். அறைக்குள் தலைவலியோடு படுத்திருக்கிறவனின் காது இங்கே எப்படி வந்தது என்று புரியாமல், தட்டை இப்படியும் அப்படியும் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

பின் சீட்டில் பச்சையம்மா தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்னா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மாலை பறக்க, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். கார் ரைஸ் மில் வளைவுக்குள் நுழைந்து, மலைபோல் குவித்திருந்த உமிக்குள் மூக்கை நுழைத்து, புஸ்ஸென்று நின்றது. உமி மேலே எழும்பி மூன்று பேர் தலையிலும் நிதானமாக வந்து இறங்கியது.

ரங்கசாமி வந்து சேர்ந்தார். வந்ததும் டிரைவரின் துண்டை உருவினார். உருவியதும் அப்படியே நின்றார்.

"மாமா," என்றான் திருமலை.

"நைனா, காரு ஓடலைன்னா எழுப்பிக்கினு போயிடுவேன்னு சொன்னியே," என்று முந்திக்கொண்டாள் ரத்னா. "எவ்ளோ ஸ்பீடா ஓடுச்சி பாத்தியா? நீ ஓடி வந்தும் புடிக்க முடியல."

ரங்கசாமி யோசித்தார். அதில் நியாயம் இருந்தது. சத்தமும் இல்லை, இந்த வேகமும் போகிறது என்றால் நல்ல வண்டிதான். ஓட்டுகிறவன்தான் சரியில்லை.

"சரி. ஆறு ஆவப் போவுது. திருப்பு வண்டிய. மேல போய் வாசல்ல நிறுத்து."

ரத்னா திருமலையைப் பார்த்தாள். இன்னும் ஒரு பொய் சொல்லலாம். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றால் போதும், அவர் நம்பிவிடுவார். வாயைத் திறந்தவன், அந்தப் பதினெட்டு மைலை நினைத்தானோ என்னவோ, மனசு கேட்காமல் உண்மையைக் கக்கிவிட்டான்.

"மாமா, இது ஓடாது. மத்தியானமே டைமிங் செயின் அறுந்து போச்சி. கோயில்லருந்து தள்ளிக்கினுதான் வந்தோம்."

தவில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரங்கசாமியின் கண் சிவந்தது.

"அப்ப நீயும் பஞ்சர் கடைதானா? ரத்னா, எறங்குடி. ஊட்டுக்குப் போவலாம்."

அவள் சிரிப்பு நின்றது. திருமலை கீழே இறங்கினான். கை கூப்பக்கூடத் தோன்றாமல் உமிக்குள் கணுக்கால் புதைய நின்றான்.

"எங்க எறங்கறது?" என்றாள் ரத்னா. "அழைச்ச பொண்ணு வழியில கால் வைக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிச்சே. கால் திரும்பிடுமாம்."

"சொன்னேன்," என்றாள் பச்சையம்மா, தலையிலிருந்த உமியைத் தட்டிக்கொண்டே. "சாத்திரம்னா சாத்திரம்தான். எறங்கக் கூடாது." பிறகு திருமலையின் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, அந்தச் செயினு என்ன வெல? முன்னயே மாத்தித் தொலைக்கறதுக்கென்ன?"

"முன்னூத்தி நாப்பது. சேத்துதான் வெச்சிருந்தேன். தாலிக்கி ஆயிப் போச்சி."

"தாலி எத்தினி சவரன்?" என்றார் ரங்கசாமி.

"ரெண்டு."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"ஆமா மாமா."

"ஒரு சவரன்ல தாலி பண்ணிட்டு, மீதி டப்புல செயினுக்குப் பாதி வெலயக் குடுத்து, பாக்கிய தவணை சொல்லி மாத்தியிருக்கலாமே?"

"மாத்தியிருக்கலாம். மனசு வரல."

ரங்கசாமி குனிந்து காரின் மூடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டார். கூட்ஸ் எங்கோ ஒரு தடவை ஊதி, மறுபடி சும்மா இருந்தது.

"அறிவு கெட்ட மனுசன்யா நீ," என்றார் கடைசியில். "சோறு போடற வண்டி. அது சத்தம் குடுக்குது, சத்தம் குடுக்குதுன்னு தெரிஞ்சும் வுட்டு வெச்சிருக்க. எம் பம்பு செட்டு ஒரு தும்மல் போட்டா நான் ராத்திரி தூங்க மாட்டேன். தாலி எங்கயாவது ஓடிடுமா? அத ஆறு மாசம் கழிச்சி பெருசு பண்ணிக்கலாம். இதெல்லாம் யார்னா சொல்லிக் குடுப்பாங்களா மாப்ளே?"

திட்டின் முடிவில் அந்த வார்த்தை வந்துவிட்டது. பச்சையம்மா கேட்டாள், ரத்னா கேட்டாள், தாளக்காரர்கூடக் கேட்டார். அவருக்கு மட்டும் தெரியவில்லை. தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கினு நிக்கறியே, தள்ளு. ஆறு ஆவுது."

எட்டுப் பேரும் கூட்ஸுக்கு அந்தப் பக்கம். இங்கே இருந்தது மாப்பிள்ளை, மாமனார், தவில், நாதஸ்வரம், தாளம். தள்ளினால் மேளம் இல்லை, மேளம் வாசித்தால் ஆள் பற்றாது. கடைசியில் நாதஸ்வரக்காரர் மட்டும் முன்னால் நடந்து வாசிப்பது, மற்ற நாலு பேர் தள்ளுவது என்று முடிவாயிற்று. உமியிலிருந்து காரை இழுத்துத் திருப்பிய பிறகுதான், ஸ்டீரிங்கைப் பிடிக்க ஆளில்லை என்று தெரிந்தது. பச்சையம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ரத்னா மாலையோடு சீட்டைத் தாண்டி முன்பக்கம் வந்து உட்கார்ந்தாள். தரையில் கால் படவில்லை, சாத்திரத்துக்குக் குறைவில்லை.

"பிரேக்கு எது?"

"நடுவுல இருக்கறது. மூணு தபா அடிச்சி மிதிக்கணும்," என்றான் திருமலை.

"நான் நாலு மிதிக்கறேன்."

மேடு ஏற ஏற ரங்கசாமிக்கு மூச்சிரைத்தது. அவர் தோளும் திருமலையின் தோளும் இடித்துக்கொண்டன. "நாளான்னிக்கே மதராஸ் போறோம். அந்தக் கடக்காரன்கிட்ட நான் வெல பேசறேன். நீ வாயத் தொறக்காத," என்றார். திருமலை தலையாட்டினான். அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது, உமி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டான். வண்டி தெருவில் கோணல்மாணலாக, ஆனால் யாரையும் இடிக்காமல், ஊர்ந்து ஏறியது.

பந்தல் வாசலில் தெருவே கூடியிருந்தது. ரத்னா உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு மிதித்தாள். ஆரத்தித் தட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. பின்னாலிருந்து, உடம்பெல்லாம் உமியாக, மாப்பிள்ளையும் மாமனாரும் நிமிர்ந்தார்கள். தாயாரம்மாள் மகனின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "இன்னா சம்பந்தி, காரு ஓடலையா? தள்ளிக்கினா வந்தீங்க?"

திருமலை கார் மேலிருந்து கையை எடுத்தான். ரங்கசாமி துண்டை அவிழ்த்து நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், அவசரமே படவில்லை.

"யாரு தள்னது?" என்றார். "எம் பொண்ணு ஓட்டிக்கினு வந்தா. நாங்க கூட நடந்து வந்தோம்."